லெவலர்: ஒரு குற்றச்சாட்டு பெயரான கதை

கொத்தனார் செங்கல் வரியின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் வரி சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் கரண்டிப் பிடியால் ஒரு தட்டு. அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் 'லெவல்' என்று பெயர். லத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. துலாம் ராசிக்கு மேலை நாட்டார் வைத்திருக்கும் பெயரும் அதுதான். சிறிய தராசு 'லிபெல்லா'. தராசைப் போலவே கிடைமட்டம் காட்டியதால் கட்டடத் தொழிலாளரின் மட்டக் கருவியும் லிபெல்லா ஆயிற்று. அது பழைய பிரெஞ்சில் 'லிவெல்' ஆகி, 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

இவ்வளவு சாதுவான சொல்லிலிருந்து பிறந்ததுதான் 'லெவலர்'. மட்டம் செய்கிறவன், சமன்படுத்துகிறவன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தப் பெயர் ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோகக் கூடியதாக இருந்தது. அதை எல்லாரையும்விட அதிகமாகச் சுமந்தவர் ஜான் லில்பர்ன். நாடாளுமன்றப் படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். வாளை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தவர். உயிர் போகக்கூடிய வழக்கில் மூன்று முறை குற்றவாளிக் கூண்டில் நின்றவர். அவருக்கு எதிரான குற்றப்பத்திரிகைகளைவிடப் பழுதில்லாமல் பிழைத்துக் கிடப்பது அவர்மீது ஒட்டவைத்த இந்த ஒரு சொல்தான். அதை முதலில் சொன்னது யார், எதற்காகச் சொன்னார்கள் என்று பார்ப்பது அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம் என்று நினைக்கிறேன்.

லில்பர்ன் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே சொல் தெருவுக்கு வந்துவிட்டது. 1607-இல் இங்கிலாந்தின் நடுப் பகுதியில், நார்த்தாம்ப்டன்ஷயர், வாரிக்‌ஷயர், லெஸ்டர்ஷயர் மாவட்டங்களில், ஊர்ப் பொது நிலங்களைப் பண்ணையார்கள் வேலி போட்டு வளைத்து ஆட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள். உழவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, வேலிப் புதர்களைப் பிடுங்கி, வெட்டிய பள்ளங்களை மண்ணிட்டு மூடினார்கள். பள்ளத்தை மூடி நிலத்தை மட்டமாக்கியவர்களுக்கு 'லெவலர்' என்றும், தோண்டியவர்களுக்கு 'டிக்கர்' என்றும் பெயர் வந்தது. அவர்களுடைய தலைவர் ஜான் ரெனால்ட்ஸ் இடுப்பில் ஒரு தோல் பை வைத்திருந்தார். எந்தப் படை வந்தாலும் காக்கக் கூடியது இந்தப் பைக்குள் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டத்தைத் தைரியப்படுத்துவார். பையின் பெயரால் அவரையே 'கேப்டன் பவுச்' என்றார்கள். பிடிபட்ட பிறகு பையைத் திறந்து பார்த்தபோது ஒரு துண்டுப் பாலாடைக்கட்டிதான் இருந்ததாம். அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜூன் 8-ஆம் தேதி நியூட்டன் என்ற ஊரில் பண்ணையார்களின் ஆட்கள் தாக்கியதில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

ஆக, முதல் லெவலர்கள் சமன்படுத்தியது மண்ணை. சொல் அதன் நேர்ப்பொருளிலேயே நின்றது. நிலம் வைத்திருந்தவர்களின் காதில் மட்டும் அப்போதே அது வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிட்டது. தமிழில் 'மட்டம் தட்டுதல்' என்பதும் வேலையிடத்தில் சரிபார்ப்பு. பேச்சில் ஓர் ஆளைக் கீழே இறக்குவது. ஆங்கிலச் சீமான்களின் காதில் 'லெவலர்' இந்த இரண்டாவது பொருளில்தான் விழுந்தது: இன்று வேலியைச் சாய்க்கிறவன் நாளை நம்மைச் சாய்ப்பான்.

இனி லில்பர்ன். குடும்பப் பெயரில் புதிர் ஏதும் இல்லை. வடக்கே நார்தம்பர்லாந்தில் லில்பர்ன் என்று ஊர் இருக்கிறது. 'பர்ன்' என்றால் ஓடை. டரம் பகுதியின் சிறு நிலக்கிழார் குடும்பம். 1614 வாக்கில் பிறந்த ஜான் அக்குடும்பத்தின் மூத்த பிள்ளை இல்லை என்பதால், சொத்து வராது, தொழில் பழகட்டும் என்று லண்டனில் ஒரு துணி வியாபாரியிடம் அனுப்பினார்கள். அங்கே துணியைவிடப் புத்தகம் அவரை அதிகமாக இழுத்தது. பிஷப்புகளைத் தாக்கும் தூய்மைவாத நூல்களை ஹாலந்தில் அச்சிட்டுக் கடத்தி வந்தார் என்று 1637 டிசம்பரில் பிடித்தார்கள்.

வழக்கு 'ஸ்டார் சேம்பர்' மன்றத்துக்குப் போனது. அங்கே ஒரு வழக்கம் உண்டு: குற்றம் இன்னது என்று சொல்வதற்கு முன்பே, கேட்பதற்கெல்லாம் உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் உன் வாயாலேயே நீ சிக்குவாய். செய்யாவிட்டால் அதுவே குற்றம். 23 வயதுப் பையன் முடியாது என்று சொல்லிவிட்டான். சுதந்திரமாய்ப் பிறந்த ஆங்கிலேயன் எவனையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது அவன் வாதம். 1638 ஏப்ரல் 18 அன்று ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை, மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி, முடிச்சுப் போட்ட மூன்று புரிச் சாட்டையால் வழி நெடுக அடித்துக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்ததும் தலையையும் கைகளையும் பலகைத் துளைகளில் மாட்டி நிறுத்தினார்கள். அந்த நிலையிலும் பேச்சை நிறுத்தவில்லை. சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த சிறுநூல்களைக் கூட்டத்தில் வீசினார். வாயில் துணி அடைத்தார்கள். காலால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த நாளிலிருந்து லண்டன் மக்களுக்கு அவர் 'ஃப்ரீபார்ன் ஜான்': சுதந்திரமாய்ப் பிறந்த ஜான். வாதத்தில் அவர் பிடித்த சொல்லை மக்கள் அவருக்கே பட்டமாகக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பெயருக்குச் சட்டத்தில் நீண்ட ஆயுள் கிடைத்தது. ஸ்டார் சேம்பர் மன்றத்தை 1641-இல் ஒழித்தார்கள். தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஆங்கிலச் சட்ட மரபில் வேர் பிடித்தது. காவல் நிலையத்தில் வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை உறுதி செய்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மிராண்டா தீர்ப்பு, 1966-இல், லில்பர்ன் வழக்கைப் பெயர் சொல்லியே நினைவுகூர்ந்தது. நந்தினி சத்பதி வழக்கில் 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த மிராண்டா தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு விரிந்த பொருள் கண்டார். அந்தச் சாட்டையடியிலிருந்து நம் நாட்டு விசாரணை அறை வரை ஒரு கோடு வருகிறது.

சிறையில் கிடந்த அவரை விடுவிக்க வேண்டும் என்று 1640 நவம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியவர் ஆலிவர் கிராம்வெல். பின்னால் நடந்ததை நினைத்தால் இது மனத்தை உறுத்தும் செய்தி.

1642-இல் உள்நாட்டுப் போர் வந்தது. லில்பர்ன் நாடாளுமன்றப் படையில் கேப்டனாகச் சேர்ந்து எட்ஜ்ஹில் சண்டையில் இருந்தார். நவம்பரில் பிரென்ட்ஃபோர்டில் அரசர் படையிடம் சிக்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் அவரை ராஜத்துரோக வழக்கில் நிறுத்தினார்கள். அவரைக் கொன்றால் எங்களிடம் இருக்கும் அரசர் தரப்புக் கைதிகளுக்கும் அதே கதிதான் என்று நாடாளுமன்றம் அறிவித்தது. அந்த அறிவிப்பை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுபோனவர் அவர் மனைவி எலிசபெத், அப்போது கர்ப்பிணி. கைதி மாற்றத்தில் உயிர் தப்பியவர் மறுபடியும் படைக்கே போனார். 1644-இல் மார்ஸ்டன் மூர் சண்டை. டிராகூன் குதிரைப்படையில் லெப்டினன்ட் கர்னல் பதவி. தன் மேலதிகாரி மான்செஸ்டர் பிரபுவின் சொல்லை மீறி டிக்ஹில் கோட்டையைப் பிடித்ததில் அவருக்கும் இவருக்கும் தீராத பகை. 1645-இல் மதக் கொள்கை உடன்படிக்கை ஒன்றில் எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, மனச்சாட்சி இடம் தரவில்லை என்று படையை விட்டே வெளியேறினார். அவருக்கு வர வேண்டிய சம்பளப் பாக்கி 880 பவுண்டு. பிறகு எழுதிய நூல்களின் முகப்பில் 'லெப்டினன்ட் கர்னல்' என்பதை அவர் விடாமல் போட்டுக்கொண்டதை நான் வீம்பாகப் பார்க்கவில்லை. நாட்டுக்காக ரத்தம் சிந்தியவன் பேசுகிறேன் என்பதற்கு அதுதான் சான்று.

அடுத்த வருஷமே மான்செஸ்டர் பிரபுவை எழுத்தில் தாக்கினார் என்று பிரபுக்கள் சபை அவரை இழுத்தது. பிரபுக்களுக்கு என்னை விசாரிக்க அதிகாரம் இல்லை, என்னை விசாரிக்க என் நிலையில் உள்ளவர்கள் வேண்டும் என்று சொல்லி மண்டியிட மறுத்தார். குற்றப்பத்திரிகையை வாசித்தபோது இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டார். தீர்ப்பு: 2,000 பவுண்டு அபராதம், ஏழு ஆண்டுச் சிறை. அதிகாரம் இல்லாதவர்கள் சொல்வதைக் கேட்பதே அந்த அதிகாரத்தை ஒத்துக்கொள்வது என்று நினைத்த ஒருவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். 1647 வசந்த காலத்தில் சம்பளம் வராத சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகளுக்கு வழங்கிய பெயர் 'அஜிடேட்டர்'. அன்றைக்கு அதன் பொருள் காரியம் பார்க்கிறவர், சார்பாளர் என்பதுதான். பிறகு இந்தச் சொல் கலகம் மூட்டுகிறவன் ஆகிவிட்டது. சிப்பாய்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆள், அதிகாரிகளின் வாயில் கலகக்காரன் ஆன கதை அதற்குள் அடங்கியிருக்கிறது.

அந்த ஆண்டு அக்டோபர் 28 முதல் லண்டனுக்கு அருகே, தேம்ஸ் கரையில் உள்ள பட்னி ஊரின் மாதா கோயிலில் படை அதிகாரிகளும் சிப்பாய்ப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து நாட்டின் எதிர்காலத்தைப் பேசினார்கள். மேசையில் 'மக்கள் உடன்படிக்கை' என்ற வரைவு. கர்னல் ரெயின்ஸ்பரோ, மிக ஏழையான மனிதனுக்கும் வாழ ஒரு வாழ்க்கை உண்டு, அவன் சம்மதம் இல்லாமல் அவனை ஆள முடியாது என்று வாதிட்டார். கிராம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன், நிலம் இல்லாதவனுக்கு வாக்குக் கொடுத்தால் நாளை அவன் நிலத்தையே பங்கு போடச் சொல்வான் என்று மறுத்தார். வாக்கு கேட்டவனுக்குச் சொத்தைப் பிடுங்குகிறவன் என்று பதில் கிடைத்த இடம் இது. இந்த விவாதத்தைக் குறிப்பெடுத்தவர் வில்லியம் கிளார்க். அந்தத் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டின் வொர்ஸ்டர் கல்லூரியில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1891-இல்தான் அச்சேறின.

1647 நவம்பர் 1 தேதியிட்ட ஒரு செய்தி மடலில், விவாதம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், 'லெவலர்' என்ற பெயர் அந்த உடன்படிக்கையை முன்வைத்தவர்களின் இயக்கத்துக்கு வருகிறது. இவர்கள் தங்களுக்குத் தாங்களே இப்படி ஒரு புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள், நாட்டில் எல்லாவற்றையும் சமமாகவும் பொதுவாகவும் ஆக்கப்போகிறார்களாம் என்கிறது அந்த மடல். மடல் எழுதியவர் இவர்களுடைய ஆள் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். லில்பர்ன் சொல்வது நேர்மாறு: எங்களை அப்படி முதலில் அழைத்தவர்கள் கிராம்வெல்லும் ஐர்ட்டனும். கொடுங்கோன்மையை எதிர்க்கும் எவர் தலையிலும் கட்டுவதற்காகவே அந்தச் சொல்லைச் செய்தார்கள் என்று 1649-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நான் லில்பர்ன் பக்கம். பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டிருந்தால், அடுத்த இரண்டு ஆண்டு முழுவதும் அதை மறுத்து மறுத்து எழுதியிருக்க மாட்டார்கள். தங்களை அவர்கள் 'விண்ணப்பதாரர்கள்' என்றும் 'நல்லெண்ணம் கொண்டோர்' என்றும்தான் சொல்லிக்கொண்டார்கள். பெயர் பிறந்த நேரத்தில், அதன் தலைவர் என்று வரலாறு சொல்லும் லில்பர்ன் பட்னியிலேயே இல்லை. லண்டன் டவர் சிறையில் இருந்தார்.

சூட்டியவர்கள் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள். 1607 வேலிச் சண்டை நாற்பது ஆண்டுதான் பழையது. அந்தப் பயத்தைக் கண்டவர்கள் பலர் உயிரோடு இருந்தார்கள். வாக்குரிமை, ஒரே சட்டம், மத சுதந்திரம் என்று கேட்டவர்கள்மேல் அந்தப் பழைய பெயரைப் போட்டதும், கேள்வி மாறிவிட்டது. யார் ஓட்டுப் போடலாம் என்பது போய், உன் நிலத்துக்கு ஆபத்து என்பது வந்தது. இனி ஒவ்வொரு நூலிலும் முதல் பக்கத்தை மறுப்புக்கே செலவழிக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு.

அவர்கள் உண்மையில் கேட்டதைப் பார்ப்போம். 1649 மே 1 அன்று லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்ட்டன், வில்லியம் வால்வின், தாமஸ் பிரின்ஸ் நான்கு பேரும் டவர் சிறையிலிருந்தே வெளியிட்ட மூன்றாவது 'மக்கள் உடன்படிக்கை' கையில் இருக்கிறது. 400 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றம், ஆண்டுதோறும் தேர்தல், 21 வயதான ஆண்களுக்கு வாக்கு. கூலி வேலையாட்களுக்கும், பிச்சையில் வாழ்பவர்களுக்கும், அரசருக்காகப் போரிட்டவர்களுக்கும் வாக்கு இல்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இத்தனைக்கும் அந்த வசந்தத்தில் நாடாளுமன்ற வாசலில் இவர்களை விடுவிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் மனுவோடு நின்றது பெண்கள்தான். அவர்களைப் போய்ப் பாத்திரம் கழுவச் சொன்னார்கள். அந்தப் பெண்களுக்கு உடன்படிக்கையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

குற்ற வழக்கில் தனக்கு எதிரான கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தான் என்பதற்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவு. சாட்டையடி பட்ட முதுகு எழுதிய பிரிவு அது. இன்னொரு பிரிவு, மக்களின் சொத்தைச் சமன்செய்யவோ உடைமையை அழிக்கவோ எல்லாவற்றையும் பொதுவாக்கவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. லெவலர்கள் என்று நாம் அழைக்கிறவர்கள் 'லெவல்' என்ற அதே வினைச்சொல்லைப் போட்டு அதற்குத் தடை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்ட சமன் ஒன்றே ஒன்று: பிரபுவுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம்.

பெயரை மனமாற ஏற்றுக்கொண்டவர்களும் அப்போது இருந்தார்கள், ஆனால் அவர்கள் வேறு. 1649 ஏப்ரலில் சர்ரி மாவட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் குன்றில் ஜெரார்ட் வின்ஸ்டான்லியும் தோழர்களும் பொது நிலத்தைக் கொத்தி, கேரட்டும் அவரையும் விதைத்தார்கள். மண் எல்லாருக்கும் பொது என்று சொன்ன அவர்கள் தங்களை 'உண்மையான லெவலர்கள்' என்று அறிவித்தார்கள். எதிரி பயம் காட்டுவதற்காக வரைந்த உருவத்துக்குப் பொருந்துகிறவர்கள் இவர்கள்தான். லில்பர்ன் இவர்களோடு தனக்குத் தொடர்பில்லை என்று எழுதினார்.

அந்த ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி அதிகாலையில் லில்பர்னையும் மற்ற மூவரையும் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். அரசுக் குழுவின் விசாரணை முடிந்து பக்கத்து அறையில் இருந்தபோது லில்பர்ன் கதவில் காதை வைத்துக் கேட்டாராம். கிராம்வெல் மேசையைக் குத்தி, இவர்களை உடைத்துத் தூளாக்க வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் நம்மை உடைப்பார்கள் என்று கத்தியது கேட்டது. ஒன்பது ஆண்டுக்கு முன் இவர் விடுதலைக்காக எழுந்து பேசிய அதே குரல்.

மே மாதம் படையில் கிளர்ச்சி எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் பர்ஃபோர்ட் ஊரில் கிராம்வெல் நள்ளிரவில் மடக்கிப் பிடித்தார். முன்னூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களை மாதா கோயிலுக்குள் அடைத்தார்கள். மே 17 காலையில் மூன்று பேரைக் கோயில் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். அடைபட்டிருந்தவர்களில் ஆண்டனி செட்லி என்ற சிப்பாய், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் கல்தொட்டியின் ஈய விளிம்பில் தன் பெயரையும் 1649 என்ற ஆண்டையும் கைதி என்ற சொல்லையும் செதுக்கினார். 'பிரிசனர்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அந்த எழுத்துகளை இன்றைக்கும் பர்ஃபோர்டில் பார்க்கலாம். எதிரிகள் அவர்களை லெவலர் என்றார்கள். செட்லி தன்னைப் பற்றி எழுதியது கைதி என்று. ஆகஸ்டில் அந்தப் படையினர் ஆறு பேர் ஒரு நூல் வெளியிட்டார்கள். தலைப்பிலேயே லெவலர் என்ற சொல்லைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொய்யாக அப்படி அழைக்கப்படுவோர்' என்று சேர்த்திருந்தார்கள்.

அக்டோபர் 24 முதல் 26 வரை லண்டன் கில்டு ஹாலில் லில்பர்ன் மீது ராஜத்துரோக வழக்கு. குற்றம்: நூல்கள் எழுதியது. இங்கே ஒரு சொற்குறிப்பு. அவதூறு நூலுக்கு ஆங்கிலத்தில் 'லைபல்' என்று பெயர். அது லத்தீன் 'லிபெல்லுஸ்' என்பதிலிருந்து வந்தது. சிறு நூல் என்று பொருள். புத்தகத்துக்கு 'லிபெர்', தராசுக்கு 'லிப்ரா', சுதந்திரமானவனுக்கும் ஏறக்குறைய அதே ஒலியில் ஒரு 'லிபெர்'. மூன்றும் வேர் வேறு. ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கட்டக் கூடாது. ஆனாலும் சிறு நூல் எழுதியதற்காக, லெவலர் என்ற பெயரில், சுதந்திரம் பேசியவரை நிறுத்திய அந்த மன்றத்தில் மூன்று சொல்லும் ஒரே கூரைக்குக் கீழ் வந்து சேர்ந்தன.

தலைமை நீதிபதி கீபிள். லில்பர்ன் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். எட்வர்ட் கோக்கின் சட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டித் தானே வாதாடினார். குற்ற நூல்களை எழுதியது நீதானா என்று கேட்டபோது, 1638-இல் சொன்ன அதே பதில்: எனக்கு எதிராக நான் சொல்ல மாட்டேன். கடைசியில் ஜூரிகளைப் பார்த்து, நடந்தது என்ன என்பதற்கு மட்டுமல்ல, சட்டம் என்ன என்பதற்கும் நீதிபதிகள் நீங்களே என்றார். மேலே அமர்ந்திருக்கும் நீதிபதிகளோ நார்மானியர் வழிவந்து நுழைந்தவர்கள், நீங்கள் சொல்வதை அறிவிக்கும் வெறும் பூஜ்யங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

நார்மானியர் பேச்சு திடீரென்று வந்ததல்ல. 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர் நீதிமன்றத்தில் பிரெஞ்சைக் கொண்டுவந்தார்கள். ஏழைக்குப் புரியாத மொழியில் சட்டம் இருப்பதே அடிமைத்தனம் என்று லில்பர்ன் வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1650-இல் சட்ட நூல்களை ஆங்கிலத்தில் மாற்றும்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நீதிமன்ற மொழி என்ன பாடுபடுத்தும் என்று தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சை வெறுத்த அந்த மனிதர்மேல் ஒட்டிய பெயரே பிரெஞ்சு வழி வந்தது.

ஜூரிகள் உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பினார்கள். குற்றவாளி அல்ல. கில்டு ஹாலில் எழுந்த கூச்சல் அரை மணி நேரம் ஓயவில்லை. நீதிபதிகள் வெளுத்துப்போனதாக அன்றைய பதிவு சொல்கிறது. அன்றிரவு லண்டன் தெருக்களில் சொக்கப்பனை எரிந்தது. அவர் உருவத்தையும் ஜூரிகளின் பெயர்களையும் பொறித்து ஒரு பதக்கமே வார்த்தார்கள்.

1653 வழக்கு பெயரைப் பற்றியே நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு நிலக்கரிச் சுரங்கத் தகராறில் நாடாளுமன்றம், விசாரணையே இல்லாமல், சட்டம் போட்டு அவரை நாடு கடத்தியது. 7,000 பவுண்டு தண்டமும் விதித்தது. திரும்பி வந்தால் மரணம். 1653 ஜூனில் திரும்பி வந்தார். ஓல்டு பெய்லி மன்றத்தில் அரசு நிரூபிக்க வேண்டியது ஒன்றே: அந்தச் சட்டத்தில் சொன்ன ஜான் லில்பர்ன்தான் இந்த ஜான் லில்பர்ன். அதை நிரூபியுங்கள் என்று அவர் அரசுத் தரப்புக்கே திருப்பினார். இவர் செத்தால் அறுபதாயிரம் பேர் காரணம் கேட்பார்கள் என்ற பொருளில் சீட்டுகள் மன்றத்துக்குள் கைமாறின. ஆகஸ்ட் 20 அன்று, மரணத்துக்குரிய குற்றம் எதுவும் இவர் செய்யவில்லை என்றார்கள் ஜூரிகள். பிறகு அரசுக் குழு அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது, அந்தச் சட்டம் சொன்ன லில்பர்ன் இவர்தான் என்று எங்களுக்குத் தெளிவாகவில்லை என்று சிலர் பதில் சொன்னார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

விடுதலை என்று தீர்ப்பு வந்தும் விடவில்லை. ஆட்கொணர்வு மனு எட்டாத ஜெர்சி தீவின் மவுண்ட் ஆர்கில் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு டோவர் கோட்டை. அங்கே குவேக்கர் சமயத்தில் சேர்ந்தார். 1657 ஆகஸ்ட் 29 அன்று எல்தாமில் இறந்தபோது வயது 43 இருக்கும்.

பெயர் அவரோடு சாகவில்லை. 1724-இல் ஸ்காட்லாந்தின் கேலவே பகுதியில் மேய்ச்சல் நிலத்தை வளைத்த கற்சுவர்களை இடித்தவர்களும் லெவலர்கள். 1760-களில் அயர்லாந்தில் வேலி சாய்த்தவர்களுக்கும் முதலில் அதே பெயர். 1763-இல் டாக்டர் ஜான்சன், குடியரசு பேசிய வரலாற்றாசிரியை கேத்தரின் மெக்காலியைக் கிண்டல் செய்த கதையை பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார்: இந்த லெவலர்கள் தங்கள் அளவுக்கு மேலே உள்ளவர்களைக் கீழே இறக்கத்தான் ஆசைப்படுவார்கள், கீழே உள்ளவர்களைத் தங்கள் அளவுக்கு ஏற்றச் சம்மதிக்க மாட்டார்கள் என்றாராம். 1792 நவம்பரில் ஜான் ரீவ்ஸ் லண்டனில் தொடங்கிய சங்கத்தின் பெயரே, குடியரசுக்காரர்களிடமிருந்தும் லெவலர்களிடமிருந்தும் சுதந்திரத்தையும் சொத்தையும் காக்கும் சங்கம். லில்பர்ன் செத்து 135 ஆண்டுக்குப் பிறகும் அதே வசை, அதே பயம்.

ஜான்சன் சொன்ன 'மேலே ஏற்றிச் சமன்செய்வது' என்ற தொடர் பின்னால் அரசியல் முழக்கம் ஆயிற்று. 2021 செப்டம்பரில் பிரிட்டன் அரசு ஒரு துறைக்கே 'லெவலிங் அப்' என்று பெயர் வைத்தது. ஆட்சி மாறியதும் 2024 ஜூலையில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். 1975 முதல் பர்ஃபோர்டில் மே மாதத்தில் 'லெவலர்கள் நாள்' கொண்டாடுகிறார்கள். சுடப்பட்ட மூவரை நினைத்து ஊர்வலம் போகிறார்கள். வசைச்சொல் பெருமைப் பெயர் ஆகிவிட்டது. அது நல்லதுதான். ஆனால் பெருமையாகச் சொன்னாலும் தவறான விவரம் தவறான விவரமே. நிலத்தைப் பங்கு போடக் கேட்டவர்கள் என்று இன்றும் பலர் இவர்களைப் பற்றி எழுதுவதற்கு இந்தப் பெயர்தான் காரணம்.

தமிழில் எழுதும்போது 'சமன்படுத்துவோர்' என்று போட்டுவிடலாம். அது எதிரி சொன்னதன் நேர் ஆக்கம். 'சமத்துவவாதிகள்' என்றும் போடலாம். அது அவர்கள் எழுதாத கொள்கையை அவர்கள் தலையில் ஏற்றுவது. லில்பர்னைப் பற்றி எழுதப்போகிற தமிழ் எழுத்தாளர்களுக்கும் பாடநூல் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: சொல்லை லெவலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், முதல்முறை வரும் இடத்தில் 'லெவலர் எனப்பட்டோர்' என்று எழுதுங்கள். அந்தப் படையினர் ஆறு பேர் கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான்.